கறுப்பு அறையில் ஒத்திகை

தம்பி எங்கள் பட்டறைக்கு முதன்முதலாக வந்தது ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. ஷிப்ட் முடிந்து எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். தோளில் சுருட்டிய கயிறு, காலில் புது மலையேற்ற ஷூ, முகத்தில் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கிளம்பிய பிள்ளையின் சிரிப்பு. வயது என்னவோ முப்பத்தொன்று.

"லேட்டாயிடுச்சாக்கா?"

"நாலு நிமிஷம். மலைக்கும் இப்படி வந்தா விட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

நான் பட்டியல் போடுகிறவள். கடைக்குப் போகப் பட்டியல், ஊருக்குப் போகப் பட்டியல், யாரிடம் எதற்குச் சண்டை போட வேண்டும் என்பதற்குக்கூட ஒரு காலத்தில் பட்டியல் வைத்திருந்தேன். சரக்கு லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் என்னை "மேனேஜரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அதனால் தம்பியை, விளக்கே இல்லாத மலைமேல் நட்சத்திரம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கிய இருள் வானப் பூங்காவுக்கு அழைத்துப் போவது என்று முடிவானதும், திட்டமிடுகிற வேலை யாரும் சொல்லாமலே என் தலையில் வந்து விழுந்தது.

எங்களோடு ஒரே வீட்டில் இருக்கிற அவனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. முதலில் இருட்டில் பார்வை குறையும், பிறகு பக்கவாட்டில், கடைசியில் பகலிலும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நட்சத்திரம் பார்க்கணும்னு ஆசை இருந்தா இந்த சீசன்லயே பார்த்துடச் சொல்லுங்க" என்றார். எட்டு வயதிலிருந்து சுவரில் வான வரைபடம் ஒட்டி வைத்திருப்பவன் அவன். நகரத்து வெளிச்சத்தில் வளர்ந்ததால் பால்வீதியை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

பூங்காவில் அனுமதி வாங்கினேன். மூன்று மாதம் கழித்து, நிலா இல்லாத ஒரு ராத்திரி. வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு நான்கு கிலோமீட்டர் பாறைப் பாதையில் ஏற வேண்டும். வாசலைத் தாண்டினால் டார்ச் அடிக்கக் கூடாது, மங்கலான சிவப்பு விளக்கு மட்டும்தான் அனுமதி. அண்ணாந்தால் நட்சத்திரம் இன்னும் மங்கலாகத் தெரியும், ஆனால் தரையில் விழுகிற அந்தச் சிவப்பு வெளிச்சம் தம்பியின் கண்ணுக்கு இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். அவனை எப்படி மேலே ஏற்றுவது?

அதற்குத்தான் கயிறு. முன்னால் போகிறவர் ஒரு முடிச்சைப் பிடிக்க வேண்டும், பின்னால் வருகிறவர் அடுத்த முடிச்சை. ஒரு தடவை இழுத்தால் நட, இரண்டு தடவை இழுத்தால் நில். இருட்டில் இதைப் பழகிக்கொள்ள எங்கள் பட்டறையைவிட நல்ல இடம் கிடையாது.

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் செய்கிற பட்டறை அது. நான் பரிசோதனைப் பிரிவு. தரைக்குக் கீழே எங்களுக்கு நாற்பதடி நீளத்தில் ஓர் அறை இருக்கிறது. சுவர், கூரை, தரை எல்லாம் கறுப்பு. ஒரு கோடியில் ஒற்றை பல்பு எரியும், மறுகோடியில் உட்கார்ந்து லென்ஸை அதற்கு நேராகப் பிடித்தால் கீறலும் குமிழியும் தெரிந்துவிடும். பல்பை அணைத்தால் சொந்தக் கையே தெரியாது. கதவு இடுக்கில் கம்பளிப் பட்டை ஒட்டி, ஊசிமுனை வெளிச்சமும் வராமல் அடைத்தவள் நானே.

அன்று கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். இருட்டுக்குக் கண் பழக அரைமணி நேரம் ஆகும் என்று அவன்தான் படித்துவிட்டு வந்து சொல்லியிருந்தான். பாலிஷ் பவுடர் வாசனையும் ஈரக் கண்ணாடித்தூள் வாசனையும் மூக்கில் ஏறின. இருபது நிமிடம்போல் ஆகியிருக்கும்.

"அக்கா."

"ம்."

"அந்தக் கோடியில யாரோ நிக்கிற மாதிரி தெரியுது. முதுகைக் காட்டிட்டு."

நான் பார்த்தேன். இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. அந்த அறையில் யாருடைய கண்ணுக்கும் எதுவும் தெரியாது. பதினோரு வருடமாக அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிற எனக்கு அது தெரியாதா?

ஆனால் அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "எனக்குத் தெரியுதுக்கா! தோள்பட்டை தெரியுது. தலை தெரியுது. இருட்டுல ஒரு உருவம் தெரிஞ்சு எத்தனை வருஷமாச்சு!"

அந்த நிமிடம் "அங்கே ஒன்றும் இல்லையடா" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் உடைந்துபோவான், மலையும் வேண்டாம் வானமும் வேண்டாம் என்று படுத்துவிடுவான் என்று பயந்தேன். பாசம் வந்தால் எனக்குப் பொய் தாராளமாக வரும்.

"அது என் ஓவர்கோட்டுடா. ஆணியில மாட்டியிருக்கேன்," என்றேன். "எனக்கும்தான் தெரியுது."

சொன்ன மறுகணம் அறையின் அந்தக் கோடியில் துணி உரசுகிற சத்தம் கேட்டது.

மெல்லிய சத்தம்தான். தம்பி பெஞ்சில் அசைந்தது அங்கே எதிரொலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவன் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டான்.

விளக்கைப் போட்டேன். அவன் அந்தப் பக்கம் பார்த்து, கோட்டு எங்கே என்று கேட்டுவிடுவானோ என்று பயந்தேன். என் கோட்டு மாடியில் அலமாரிக்குள் இருந்தது. அவனோ குனிந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள் ஒத்திகை நடந்தது. பழைய அட்டைப்பெட்டிகளை வழியெங்கும் போட்டுப் பாறை என்று வைத்துக்கொண்டோம். நான் முன்னால், அவன் பின்னால். இரண்டாவது வாரம் பாதி வழியில் கயிறு இரண்டு தடவை இழுபட்டது. நின்றேன்.

"கோட்டை இடம் மாத்தினியாக்கா?"

"ஏன்?"

"இப்போ நடுவுல இருக்கு."

"ஆமா," என்றேன். ஒரு பொய் சொன்னவளுக்கு இன்னொன்று சொல்வது கஷ்டமில்லை. "தூசி படுதுன்னு மாத்தி வச்சேன்."

அன்றிலிருந்து ஆள் மாறிப்போனான். சிரிப்பு நின்றுவிட்டது. நட்சத்திரங்களைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறவன் வாயே திறக்கவில்லை. இனிமேல் நான்தான் முன்னால் போவேன் என்று அடம்பிடித்தான். "நீ சுவரை ஒட்டியே வா" என்றான். சில நாள் காரணமே இல்லாமல் என்னைப் பாதியில் நிறுத்தி, திரும்பி வேறு வழியாக அழைத்துப்போவான். நடுவில் காய்ச்சல் என்று நான்கு நாள் வராமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள், இனி தினமும் ஒத்திகை வேண்டும் என்று வந்து நின்றான். பையனுக்குத் தன்னம்பிக்கை வந்துவிட்டது என்று நான் வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். என் புத்தியை என்னவென்று சொல்வது!

அறையில் வாசனையும் மாறியிருந்தது. பல வருடம் பூட்டிக் கிடந்த துணிப்பெட்டியைத் திறந்தால் ஒரு காற்று அடிக்குமே, அது. பெட்டிகளெல்லாம் புதியவை, நானே மோந்து பார்த்தேன். விளக்கு எரியும்போது அந்த வாசனை இல்லை.

பயணத்துக்கு எட்டு நாள் இருந்தபோது என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்தினார்.

"இல்லாத கோட்டை இருக்குன்னு சொல்லி வச்சிருக்கியா? நாளைக்கு மலை மேல இல்லாத கல்லை இருக்குன்னு நம்பிக் காலை வச்சான்னா மாப்ள கீழதான் கிடப்பான். மேனேஜரம்மா, முதல்ல உண்மையைச் சொல்லு."

அவர் எப்போதாவதுதான் சரியாகப் பேசுவார். அன்று பேசினார்.

மறுநாள் ஒத்திகை. அரைமணி நேரம் இருட்டில் உட்கார்ந்துவிட்டுத்தான் கயிற்றைத் தொட வேண்டும் என்பது எங்கள் விதி. விளக்கு வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லத் துணிவில்லாமல், இருட்டிலேயே சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

"டேய், அந்த ஓவர்கோட்டு..."

"ம்."

"இந்த ரூம்ல கோட்டே இல்லடா. ஒரு நாளும் இருந்ததில்ல. எனக்கு எதுவும் தெரியல. நீ சந்தோஷப்பட்டியேன்னு சும்மா சொல்லிட்டேன்."

அழுவான், கத்துவான் என்று காத்திருந்தேன்.

"தெரியும்கா," என்றான், மிக மெதுவாக.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு லைட் போட்டதுமே பார்த்தேன். அங்க ஆணியே இல்ல."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"அப்போ ஏன்டா சொல்லல?"

"சொன்னா பயந்துடுவே." அவன் குரல் இன்னும் இறங்கியது. "நான் முதல்ல பார்த்தப்போ அது முதுகைத்தான் காட்டிட்டு இருந்துச்சு. அது பாட்டுக்கு நின்னுது. 'எனக்கும் தெரியுது'ன்னு நீ சொன்னே பாரு..."

"சொன்னா?"

"அப்பத்தான் திரும்புச்சு."

துணி உரசுகிற சத்தம் கேட்டது.

இந்தத் தடவை அவன் அசையவில்லை. அவன் தோள் என் தோளோடு ஒட்டியிருந்தது. எனக்குத் தெரியும்.

"உன்னையா பார்க்குது?" என்று கேட்டேன். கேட்டது நானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"என்னை ஒரு தடவைகூடப் பார்க்கல. அன்னைலேர்ந்து உன்னைத்தான் பார்த்துட்டிருக்கு. தினமும் கொஞ்சம் கிட்ட வருது. நான் வரலேன்னா விட்டுடும்னு நினைச்சு நாலு நாள் வராம இருந்தேன். அப்போ ஒரு சாயங்காலம் வீட்ல கரண்ட் போச்சு, ஞாபகம் இருக்கா? நீ சமையல்கட்டுல நின்னுட்டிருந்தே. உனக்குப் பின்னாடி அது நின்னுட்டிருந்துச்சு."

பயத்தைவிட முதலில் வந்தது வெட்கம்தான். பையனுக்கு நம்பிக்கை ஊட்டுகிறேன் என்று நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனோ ஐந்து வாரமாக எனக்கும் அதற்கும் நடுவில் நடந்துகொண்டிருந்திருக்கிறான்.

"லைட்டைப் போடுறேன்," என்று எழுந்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தான்.

"வேணாம். லைட் போட்டா அது எனக்குத் தெரியாம போயிடும். அது போயிடாதுக்கா, எனக்குத்தான் தெரியாது. இருட்டா இருக்கிற வரைக்கும்தான் அது எங்க நிக்குதுன்னு என்னால சொல்ல முடியும்."

"இப்போ எங்க நிக்குது?"

அவன் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின.

"டேய்."

"கயித்தைப் பிடி," என்றான். "பேசாம என் பின்னாடி வா."

கதவு மறுகோடியில் இருந்தது. அந்த நாற்பதடியை எப்படிக் கடந்தோம் என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. கண் தெரிகிற நான் குருடி மாதிரி தடவிக்கொண்டு போனேன். கண் போகிறவன் எனக்கு வழிகாட்டினான். ஒரு இழுப்பு, நடந்தேன். இரண்டு இழுப்பு, நின்றேன். ஒரு பெட்டி முழங்காலில் இடித்தது. அந்தப் பழைய துணி வாசனை முதலில் இடது பக்கம் வந்தது. பிறகு நேர் எதிரே வந்தது.

இரண்டு இழுப்பு.

"குனி," என்று கிசுகிசுத்தான்.

குனிந்தேன். என் உச்சந்தலை மயிரை ஏதோ மெதுவாக ஒதுக்கியது. முடிக்குள் முகத்தைத் தேடுகிற விரல் மாதிரி அது நிதானமாக ஒதுக்கியது.

முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

ஒரு இழுப்பு. நடந்தேன். ஒரு இழுப்பு. கதவு திறந்தது, படிக்கட்டு விளக்கு கண்ணில் அடித்தது. இரண்டு பேரும் படியில் விழுந்து கிடந்தோம். திரும்பிப் பார்த்தேன். கறுப்புச் சுவர், கறுப்புத் தரை, நாங்கள் வைத்த அட்டைப்பெட்டிகள். வேறு எதுவும் இல்லை. தம்பியும் பார்த்தான். வெளிச்சத்தில் அவனுக்கும் தெரியவில்லை. அப்போதுதான் அவன் அழுதான்.

மறுநாள் காலையில் பூங்காவிலிருந்து எனக்கு ஃபோன் வந்தது. அனுமதியை நீங்கள் ரத்து செய்ததைப் பதிவு செய்துவிட்டோம் என்றாள் அந்தப் பெண். நான் ரத்து செய்யவில்லை. ஃபோனை வைத்துவிட்டு நேரே தம்பியின் அறைக்குப் போனேன்.

"யாரைக் கேட்டுடா ரத்து பண்ணினே? அடுத்த வருஷம் உனக்கு நட்சத்திரம் தெரியுமான்னே சொல்ல முடியாது. மாமாவையும் கூட்டிட்டுப் போவோம். மூணு பேரா இருந்தா என்ன ஆயிடப் போகுது?"

அவன் சுவரிலிருந்த வான வரைபடத்தைப் பிரித்து எடுத்து, மூலைகள் மடங்காமல் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"மலை மேல நாலு மணி நேரம் இருட்டுக்கா. அவ்வளவு நேரமும் அது உன்னை எங்கேர்ந்து பார்க்குதுன்னு நான் பார்த்துட்டே இருக்கணும். வானத்தைப் பார்த்தா உன்னைப் பார்க்க முடியாது." சுருட்டிய வரைபடத்துக்கு ரப்பர் வளையம் போட்டான். "ரெண்டையும் பார்க்கிற அளவுக்கு எனக்குக் கண் இல்ல."

நான் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதேன். எட்டு வயதிலிருந்து அவன் கேட்ட ஒரே ஒரு பொருள் வானம். அதை அவனுக்குக் கொடுக்க நான் மூன்று மாதம் திட்டம் போட்டேன். ஒரே ஒரு பொய்யால் நானே அதைப் பிடுங்கிக்கொண்டேன். அவன் என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். "விடுக்கா, படத்துல பார்த்தாச்சு" என்று என்னைத் தேற்றினான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த விளக்கையும் அணைப்பதில்லை. கரண்ட் போனாலும் எரிகிற விளக்கை என் வீட்டுக்காரர் அறைக்கு ஒன்றாக மாட்டினார். நான் பகல் ஷிப்டில் பொட்டலம் கட்டுகிற பிரிவுக்கு மாறிக்கொண்டேன். வெளிச்சத்தில் அது இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதே நிம்மதி என்று நாட்களை ஓட்டினேன்.

பகல் பார்வை போக நான்கைந்து வருடம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பியின் கண் ஏழு மாதத்தில் முழுதாகப் போய்விட்டது. இப்போது அவனுக்குப் பட்டப்பகலும் இருட்டுதான்.

இதன் அர்த்தம் எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. ஒரு காலை, சாப்பாட்டு மேஜையில் அவன் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியாக வெயில் தட்டின்மேல் விழுந்திருந்தது. நான் உள்ளே வந்தபோது அவன் முகம் என் சத்தத்தின் பக்கம் திரும்பவில்லை. எனக்கு இடது பக்கம், தோளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் ஓர் இடத்தைப் பார்த்து நின்றது. நான் அடுப்புப் பக்கம் போனேன். அவன் முகம் எனக்கு ஒரு சாண் பின்னாலேயே வந்தது.

"அக்கா, இந்தப் பக்கம் வந்து உட்காரேன்," என்றான், சாதாரணமாக. நானும் ஏன் என்று கேட்காமல் போய் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து அப்படித்தான் வாழ்கிறோம். குழாயடியில் நிற்கும்போது, துணி மடிக்கும்போது, "கொஞ்சம் தள்ளுக்கா" என்பான், தள்ளுவேன். "அங்க வேணாம்" என்பான், வந்துவிடுவேன். வேலைக்குப் போகும்போது என்கூடவே பட்டறை வரைக்கும் வருவான், சாயங்காலம் வந்து நிற்பான். நடுவில் இருக்கிற எட்டு மணி நேரத்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அவன் சரியாகத் தூங்குவதில்லை என்று எனக்குத் தெரியும்.

நேற்று எனக்கு விடுமுறை. அவன் அசந்துவிட்டான். பாவம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே மத்தியானம் முழுக்கத் தூங்கினான். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. நான்கு மணிக்குக் காபி போட்டுக்கொண்டு போய் அவன் எதிரில் நின்றேன்.

"எழுந்திருடா, எவ்வளவு நேரம் தூங்குவே?"

அவன் கண்ணைத் திறந்தான். அவன் முகம் என் தோளுக்கு மேலே போகவில்லை. பக்கத்திலும் போகவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தான், கண்ணுக்குக் கண். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. பார்வை திரும்பிவிட்டது என்றே நினைத்தேன்.

"டேய், நான் தெரியுறேனா?"

அவன் நாற்காலியை மெதுவாகப் பின்னால் தள்ளினான்.

"அக்கா, நீ எங்க நிக்கிற?"

"இங்கதான்டா. உன் முன்னாடிதான்."

சுவரில் முதுகு முட்டும்வரை நாற்காலியோடு பின்னால் போனான். பார்வையை மட்டும் என் முகத்தைவிட்டு எடுக்கவில்லை.

"அது நிக்கிற இடத்துலேர்ந்து உன் குரல் வருதுக்கா."